கடலூரில் 35 பேர் வேலை செய்யும் நிறுவனம்: தகவல் பாதுகாப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அலுவலகம், பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலை, புதுச்சேரியில் ஒரு சிறிய கிளை. கணினியில் வேலை செய்பவர்கள் 35 பேர். வெளிநாட்டில் பருப்பு வாங்கும் நிறுவனம் ஒன்று “உங்களிடம் ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் உண்டா” என்று கேட்டிருக்கிறது. தகவல் பாதுகாப்பை நிர்வகிக்கும் முறைக்கான சர்வதேசத் தரம் அது. அதே வாரம் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் 3 லட்சம் ரூபாய்க்கு ஒரு பையர்வால், அதாவது இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவே காவல் நிற்கும் பெட்டி, வாங்கச் சொல்லி கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். எதிலிருந்து தொடங்குவது, யாரைப் பொறுப்பாகப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பையர்வாலை இப்போதைக்கு வாங்காதீர்கள். அது நல்ல பொருள்தான், பின்னால் தேவைப்படலாம். ஆனால் உங்கள் கேள்வியில் பெட்டி இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, எதைக் காப்பாற்றப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அதை எழுதி வைத்துவிட்டால் எதை முதலில் செய்வது என்பது பாதி தெரிந்துவிடும்.

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்து அலுவலகங்களுக்கு 20 வருடத்துக்கு மேலாக சர்வர், நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். நான் நேரில் பார்த்த இழப்புகளில் ஒன்றுகூட பையர்வாலை உடைத்துக்கொண்டு வந்ததில்லை. ஒரு மின்னஞ்சலை நம்பிப் பணம் போனது. வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டு மாற்றப்படாமல் கிடந்ததால் வாடிக்கையாளர் பட்டியல் போனது. மழைத் தண்ணீர் உள்ளே வந்ததால் சர்வர் போனது.

ஒரு மதியம் ஒதுக்குங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து தொடங்கி அலுவலகத்தைச் சுற்றி வாருங்கள். வாசலில் வருகைப் பதிவு நோட்டு, கைரேகை வைக்கும் கருவி. கணக்குப் பிரிவில் கணக்கு மென்பொருளான டேலி, நெட் பேங்கிங், மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்த ஜிஎஸ்டி பாஸ்வேர்டு. கொள்முதல் மேஜையில் பச்சை முந்திரிக்கொட்டை வாங்கும் ஒப்பந்தங்கள். விற்பனையில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்ற முந்திரிப் பருப்பு ரகங்கள் எந்த நாட்டுக்கு என்ன விலைக்குப் போகின்றன என்ற பட்டியல். இரும்பு பீரோவில் ஆலைத் தொழிலாளர்களின் ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் நகல், பி.எஃப். விவரம். முதலாளியின் கைப்பேசியையும் எழுதுங்கள், பாதி வியாபாரம் அந்த வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. அலுவலகத்துக்கு வெளியே இருப்பதையும் விடாதீர்கள்: ஆடிட்டர் அலுவலகம், சரக்கு அனுப்பும் ஏஜென்சி, பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள். எங்கே இருக்கிறது? யார் யார் தொட முடியும்? இது வெளியே போனால், அல்லது மாறிப்போனால், அல்லது காணாமல் போனால் என்ன ஆகும்?

இந்த மூன்றாவது கேள்விதான் தகவல் பாதுகாப்பின் அடிப்படை. பாடமாகப் படிப்பவர்கள் இதை இரகசியத்தன்மை, முழுமை, கிடைக்கும் தன்மை என்பார்கள். வெளியே போகக் கூடாது, மாறக் கூடாது, இல்லாமல் போகக் கூடாது என்று நினைவில் வைத்தால் போதும். பெரும்பாலான முதலாளிகள் முதலாவதை மட்டும் நினைத்துக் கவலைப்படுகிறார்கள். உங்கள் தொழிலில் பெரிய பணம் போவது இரண்டாவதில், தொழில் நின்றே போவது மூன்றாவதில்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் பக்கத்து ஆலைகள் ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து பச்சைக்கொட்டை வாங்குகின்றன. மாதக் கணக்கில் மின்னஞ்சலிலேயே பேச்சு நடக்கும். திருடன் இரண்டு பக்கத்தில் ஒருவரது மின்னஞ்சல் பெட்டிக்குள் புகுந்து, எதையும் தொடாமல், வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பான். விலை, சரக்கின் எடை, கப்பல் பெயர், நீங்கள் எப்படி விளித்து எழுதுகிறீர்கள் என்பது எல்லாம் அவனுக்குத் தெரியும். முன்பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வரும்: “எங்கள் கணக்கில் தணிக்கை நடக்கிறது, இந்த முறை இந்த வங்கிக்கு அனுப்புங்கள்.” கூடவே அச்சு அசலாக அதே இன்வாய்ஸ், வங்கி எண் மட்டும் வேறு.

அனுப்பியவர் முகவரியை உற்றுப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் அவசரத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பல சமயம் அந்த மின்னஞ்சல் உண்மையான முகவரியிலிருந்தே வரும், திருடன் உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தெரிந்த ஓர் ஏற்றுமதியாளர் இப்படி ஒரு முன்பணத்தை இழந்தார். விற்றவர் மூன்று வாரம் கழித்து “பணம் இன்னும் வரவில்லையே” என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குள் பணம் இரண்டு நாடு தாண்டிவிட்டது. அவருடைய மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள எல்லாக் கடிதங்களும் வெளியாள் முகவரி ஒன்றுக்குத் தானாக நகல் போகும்படி ஒரு விதி போடப்பட்டிருந்தது. அந்த விதி ஐந்து மாதமாக அங்கே இருந்திருக்கிறது. உங்கள் எல்லா மின்னஞ்சல் கணக்குகளிலும் அமைப்புகளுக்குள் போய் இந்த ‘ஃபார்வேர்டிங்’ விதிகளை இந்த வாரமே பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இதற்கு மருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. வங்கி விவரம் மாறினால், எத்தனை சிறிய தொகையானாலும், ஏற்கனவே உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு அழைத்துப் பேசி உறுதி செய்யாமல் பணம் போகக் கூடாது. புதிய மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைத்தால் திருடனே எடுத்துப் பேசுவான். இதை ஒரு தாளில் விதியாக எழுதி முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதி முதலாளிக்கும் பொருந்தும் என்று அதிலேயே எழுத வேண்டும். முதலாளி படத்தை முகப்பில் வைத்துக்கொண்டு புதிய எண்ணிலிருந்து “மீட்டிங்கில் இருக்கிறேன், உடனே இந்தக் கணக்குக்கு அனுப்பு” என்று கணக்காளருக்கு வாட்ஸ்அப் வருவது இன்று சாதாரணமாகிவிட்டது. “சார், உறுதி செய்யாமல் அனுப்ப மாட்டேன்” என்று சொல்லும் தைரியம் அந்தக் கணக்காளருக்கு எங்கிருந்து வரும்? அந்தத் தாளிலிருந்துதான் வரும்.

நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி நிறுவனக் கணக்குகளுக்கு உண்டு. வங்கியில் மேக்கர், செக்கர் என்பார்கள். இரண்டு ஐடியும் ஒரே மேஜையில், ஒரே ஆளிடம் இருந்தால் அந்த வசதி இல்லாததற்குச் சமம். இதைப் பல இடங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் திருடப்பட்டது. அமெரிக்காவில் இருந்த அதன் கணக்கிலிருந்து, பொய்யான பணப் பரிமாற்ற உத்தரவுகள் மூலம் பிலிப்பைன்ஸுக்குப் போனது. பரிமாற்றங்களைத் தானாக அச்சிடும் பிரிண்டர் அந்த வெள்ளிக்கிழமை வேலை செய்யவில்லை. பிரிண்டர் கெட்டுப்போவது வழக்கம்தானே என்று ஊழியர்கள் விட்டுவிட்டார்கள். திருடர்கள் அதைத் திட்டமிட்டு முடக்கியிருந்தார்கள், அங்கே வெள்ளி விடுமுறை நாள் என்பதையும் கணக்கில் வைத்திருந்தார்கள். உங்கள் அலுவலகத்திலும் ஏதாவது சின்னதாக வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ஒருவர் வந்து சொல்ல வேண்டும், சொன்னவரை “இதுக்கெல்லாமா வருவே” என்று யாரும் விரட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலையும் பண்டிகைக்கு முந்தைய நாளும் கூடுதல் கவனம் வேண்டும்.

கணக்கு மாறாமல் இருப்பதற்குச் சட்டமே ஓர் உதவி செய்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள், யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடத்தை வைத்திருக்கும் கணக்கு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும், அந்தத் தடத்தை அணைக்கவும் கூடாது. நீங்கள் கூட்டாண்மை நிறுவனம் என்றால் கட்டாயம் இல்லை, ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒன்று கவனிக்க வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் டேலிக்குள் போனால் அந்தத் தடத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு.

சரி, இல்லாமல் போவதற்கு வருகிறேன். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தின் சர்வர் கடலூரில். “ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும்” என்று நான்தான் சொல்லி, புதுச்சேரி கிளையில் இன்னொரு நகல் வைத்திருந்தோம். புயல் இரண்டையும் ஒரே காலையில் முடக்கியது. வட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மின்சாரம் இல்லை, டவர் இல்லை, சாலையில் மரங்கள். மாதக் கடைசி, சம்பளம் போட வேண்டும். கணக்காளர் விடுமுறைக்குத் திருச்சி போகும்போது லேப்டாப்பை எடுத்துப் போயிருந்ததால் சம்பளப் பட்டியல் கிடைத்தது. அது திட்டம் கிடையாது, தற்செயல். அன்றிலிருந்து, 25 கிலோமீட்டருக்குள் இருக்கும் நகலை ‘வெளியூர் நகல்’ என்று நான் எண்ணுவதில்லை.

2015 வெள்ளத்திலும் பார்த்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை மூழ்கடித்தது, அடுத்த நாட்களில் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. ஒரே புயல், இரண்டு ஊரும் போனது. ஆகவே ஒரு நகல் கோயம்புத்தூர், மதுரை போன்ற தொலைவான ஊரிலோ கிளவுடிலோ இருக்கட்டும். சர்வரும் சிசிடிவி பெட்டியும் தரைத்தளத்தில் இருக்கக் கூடாது, மாடியில் வையுங்கள். யூபிஎஸ்ஸையும்தான், அதை மட்டும் கீழே விட்டுவிடுவார்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் கிளை இருந்தால் உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துப் போகும், வருடம் இரண்டு முறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

புயலைவிட அடிக்கடி வருவது ரான்சம்வேர். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்பது. புதுச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஒரு திங்கள்கிழமை காலை எல்லாக் கணினிகளிலும் அதே செய்தி நின்றது. “பேக்கப் இருக்கிறது” என்றார்கள். இருந்தது, சர்வரின் பின்பக்கம் யூஎஸ்பி வயரோடு 24 மணி நேரமும் செருகியபடி. அதுவும் பூட்டப்பட்டிருந்தது. எப்படி உள்ளே வந்தார்கள் என்று தேடினேன். பில்லிங் மென்பொருள்காரர் தன் ஊரிலிருந்தே சரிசெய்ய வசதியாக, தொலைவிலிருந்தே சர்வரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து விட்டிருந்தார், பாஸ்வேர்டு மருத்துவமனையின் பெயரும் 123-ம். நம் ஊர் சிறு நிறுவனங்களில் இந்த வாசல் எத்தனை இடத்தில் திறந்து கிடக்கிறது என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. உங்கள் சர்வீஸ்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “வெளியிலிருந்து நம் சர்வருக்குள் வர எந்தெந்த வழி திறந்திருக்கிறது? யாருக்காக?” தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க் போன்ற மென்பொருள்கள் நிரந்தரப் பாஸ்வேர்டுடன் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு வாசல்தான்.

பேக்கப்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். அதோடு ஒன்று சேருங்கள்: ஒரு பிரதி எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல் அலமாரியில் இருக்க வேண்டும். இரண்டு வன்தட்டு வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி, செருகிப் பிரதி எடுத்ததும் கழற்றிப் பூட்டுங்கள். கிளவுடில் தானாக ஒத்திசைக்கும் கோப்புறையை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே கோப்பு பூட்டப்பட்டால் அங்கேயும் பூட்டப்பட்ட கோப்பே போய் உட்காரும். பழைய பதிப்புகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, வேறொரு கணினியில் டேலித் தரவை மீட்டு, முந்தைய நாள் கையிருப்பும் வங்கி இருப்பும் சரியாக வருகிறதா என்று கணக்காளரே பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்றும் எழுதுங்கள். ஆபத்து வரும் நாளில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி “எப்போ சரியாகும்” என்பதுதான்.

அடுத்து யார் எதைத் தொடலாம் என்பது. வேலைக்குத் தேவையானதை மட்டும் கொடுங்கள். ஆலை மேற்பார்வையாளருக்கு விலைப் பட்டியல் தேவையில்லை, விற்பனைப் பையனுக்குச் சம்பளப் பட்டியல் தேவையில்லை. இது நம்பிக்கையில்லாமை என்று ஊழியர்கள் வருத்தப்படுவார்கள். பொருள் காணாமல் போனால் சந்தேகம் அவர்கள் மேல் விழாமல் காப்பதும் இதுதான் என்று பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். வேலையை விட்டுப் போகிறவருக்கு, போகும் அன்று மாலையே, மின்னஞ்சல், டேலி, வைஃபை, சிசிடிவி ஆப், வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றையும் மூட வேண்டும். நல்லபடியாக விடைபெற்றுப் போகிறவருக்கும் இதே நடைமுறைதான். இதற்கு ஒரு பக்கப் பட்டியல் போட்டு, கடைசிச் சம்பளக் காசோலையோடு சேர்த்து வைத்தால் மறக்காது.

பாஸ்வேர்டுகளில் ஒரு பழைய வழக்கத்தை விடலாம். மாதம் ஒரு முறை மாற்றச் சொன்னால் ஊழியர்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவிட்டது. நீளம்தான் முக்கியம். முருங்கை, பம்பரம், ரசீது, கெடிலம் என்பது போலத் தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். குலதெய்வம் பெயரும் வண்டி எண்ணும் வேண்டாம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு கைப்பேசிக்கு வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்பதை, கட்டாயமாக்குங்கள். செலவில்லாமல் கிடைக்கும் பாதுகாப்பில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை.

இதோடு டிஎஸ்சி டோக்கன். பங்குதாரர்களின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் அலுவலக மேஜை டிராயரில், ரப்பர் பேண்டு போட்டு, பின் நம்பரைச் சீட்டில் எழுதி ஒட்டிக் கிடப்பதை நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தக் கையெழுத்தும் பேனாக் கையெழுத்தும் ஒன்றுதான். வெறும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு யாரிடமாவது கொடுத்து வைப்பீர்களா? ஆடிட்டர் மேல் சந்தேகம் வேண்டாம், ஆனால் அங்கே இருபது பேர் வந்து போகிறார்கள். டோக்கனை வாங்கி உங்கள் லாக்கரில் வைத்து, தேவைப்படும் நாளில் எடுத்துப் போங்கள்.

மென்பொருள் புதுப்பிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, செய்துவிட வேண்டும். 2017 மே 12-இல் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேருக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே மருந்து கொடுத்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்களிடம் எத்தனை அப்படி இருக்கிறது என்று அந்த நோட்டில் எழுதுங்கள். கிராக் செய்த மென்பொருள் ஒன்றுகூட இருக்கக் கூடாது, அதைத் திறந்து கொடுக்கும் சின்ன நிரலுக்குள்ளேயே வேறு ஆள் ஒளிந்திருப்பான்.

தாளையும் மறக்காதீர்கள். ஒருமுறை பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை வாங்கிய பொட்டலத்தைப் பிரித்தால், ஒரு நிறுவனத்தின் சம்பளச் சீட்டு. பெயர், வங்கி எண், பிடித்தம், எல்லாம் தெளிவாக. அலுவலகத்தைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டிருக்கிறார்கள். தாள் கிழிக்கும் இயந்திரம் சில ஆயிரம் ரூபாய்தான். ஜெராக்ஸ் கடையும் அப்படித்தான். ஆதாரை அந்தக் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுத்தால் கோப்பு அங்கேயே தங்கிவிடும். தொழிலாளர் ஆவணங்களை அலுவலகப் பிரிண்டரிலேயே எடுங்கள். முந்திரி உடைக்கும் பெண்களின் ஆதாரை வைத்து யாரோ கடன் வாங்கினால், அலைந்து திரிந்து நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்கள் நம்மை நம்பித்தான் அந்த நகலைக் கொடுத்தார்கள்.

சட்டமும் இப்போது அதையே சொல்கிறது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும், தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும். எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலேயே படிக்கும் வாய்ப்பையும் அந்தச் சட்டம் தருகிறது. உங்கள் படிவங்களை இப்போதே தமிழில் எழுதி வைக்கலாம்.

இன்னொரு கடமை ஏற்கனவே நடைமுறையில் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகை இணையத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். கணினிப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே நடந்துவிட்டால் என்ன செய்வது என்று இப்போதே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கணினிக்குள் வைத்தால் அன்று திறக்காது. பணம் போயிருந்தால் முதலில் இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் 1930, பிறகு வங்கி. முதல் ஒரு மணி நேரத்தில் அழைத்தால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம். சம்பவம் ரெட்டிச்சாவடிக்கு இந்தப் பக்கமா, முள்ளோடைக்கு அந்தப் பக்கமா, தமிழ்நாடு போலீஸா புதுச்சேரி போலீஸா என்று யோசித்து நேரத்தைக் கழிக்காதீர்கள், 1930 இரண்டுக்கும் பொது. கணினி பூட்டப்பட்டிருந்தால் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். சர்வீஸ்காரர் வந்ததும் “ஃபார்மட் அடித்துத் தருகிறேன்” என்பார். நல்ல மனதோடுதான் சொல்வார், ஆனால் விடாதீர்கள். எப்படி வந்தார்கள் என்ற தடயம் அதோடு அழிந்துபோகும், அதே வழியில் அடுத்த மாதம் திரும்பி வருவார்கள்.

தவறான இணைப்பைத் தொட்ட ஊழியரைத் திட்டாதீர்கள். இதை நான் எல்லா முதலாளிகளிடமும் கெஞ்சிக் கேட்பேன். திட்டினால் அடுத்த முறை தொட்டவர் மறைப்பார். பத்து நிமிடத்தில் தெரிய வேண்டியது இரண்டு நாள் கழித்துத் தெரியும்.

இப்போது உங்கள் பையர்வால். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் ரான்சம்வேரில் சிக்கி, பல நாட்கள் கையால் சீட்டு எழுதி வேலை பார்த்தார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. நீங்களும் பிரிக்க வேண்டும்: கணக்குப் பிரிவு ஒரு பக்கம், சிசிடிவி ஒரு பக்கம், வந்து போகிறவர்களின் வைஃபை ஒரு பக்கம். இதை இப்போதுள்ள ரவுட்டரும் சுவிட்சுமே செய்யக்கூடும், அதை முதலில் கேளுங்கள். பெரிய பையர்வாலுக்கு வருடாவருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும், அது எழுதும் பதிவுகளை யாராவது படிக்கவும் வேண்டும். படிக்க ஆள் அமைந்த பிறகு வாங்குங்கள்.

ஐஎஸ்ஓ 27001 பற்றி. 2005-இல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 2022 பதிப்பு. அதன் பின்னிணைப்பில் 93 கட்டுப்பாடுகள். அவற்றில் தொழில்நுட்பம் சார்ந்தவை 34 மட்டுமே. 37 நிர்வாகம், 8 மனிதர்கள், 14 கட்டடமும் பூட்டும் போன்றவை. மேலே நான் சொன்ன நோட்டு, அழைப்பு விதி, மீட்டுப் பார்த்த கையெழுத்து, வேலையை விட்டவர் பட்டியல் ஆகியவை அந்தத் தணிக்கையாளர் கேட்கப்போகும் சான்றுகள்தான். ஒரு வருடம் இவற்றைச் செய்துவிட்டுப் போனால் சான்றிதழ் வாங்குவது உங்களுக்குச் சுமையாக இருக்காது. சான்றிதழ் மூன்று வருடத்துக்கு, நடுவில் ஆண்டுதோறும் பார்வையிட வருவார்கள். அதற்கு முன் அந்த வாடிக்கையாளரிடம் நேரடியாகக் கேளுங்கள்: சான்றிதழே வேண்டுமா, அல்லது உங்கள் பாதுகாப்பு முறைகளைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்றை நிரப்பிக் கொடுத்தால் போதுமா? பலர் இரண்டாவதற்கே ஒப்புக்கொள்வார்கள். எந்தத் தாளும் போடாமல் எடுத்த உடனே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

பொறுப்புக்கு சர்வீஸ்காரரைப் போடாதீர்கள். அவர் உதவுவார், ஆனால் கொள்முதல் மேலாளரிடம் “அழைத்துப் பேசாமல் அனுப்பாதே” என்று அவரால் சொல்ல முடியாது. கணக்குப் பிரிவில் மூத்தவர், முதலாளி அறைக்குள் தயங்காமல் போகக்கூடியவர் ஒருவரைப் போடுங்கள். மாதம் ஒரு மணி நேரம் முதலாளியோடு உட்கார அவருக்கு நேரம் எழுதிக் கொடுங்கள். முதல் கூட்டத்துக்கு அந்த நோட்டையும், வங்கி எண் மாறினால் அழைக்க வேண்டும் என்ற விதி எழுதிய தாளையும் எடுத்துப் போகட்டும். கையெழுத்தை அன்றே வாங்கிவிடச் சொல்லுங்கள். மேற்கு ஆப்பிரிக்க அறுவடை பிப்ரவரி வாக்கில் தொடங்கும், முன்பணம் கேட்டு மின்னஞ்சல்கள் அதற்கு முன்னாலேயே வர ஆரம்பித்துவிடும்.